லாரி டிரைவர் குரல்

ஒரு பொய்யை நான் அச்சில் ஏற்றினேன். ஏற்றியபோது அது பொய்யென்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை... அதுதான் என் குற்றம்.

முதலாவதை நீங்கள் மன்னித்துவிடலாம், அறியாமல் நடந்தது. இரண்டாவதை மன்னிக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டு இதை நான் எழுதவுமில்லை.

உங்களில் சிலருக்குச் 'செவியன்' என்ற பெயர் நினைவிருக்கலாம். எண்பதுகளில் பினாங்கில் ஞாயிறுதோறும் வந்த தமிழ் வார இதழ் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், புதிதாக வெளிவந்த பாப், ராக் ஆல்பங்களைப் பற்றி அந்தப் பெயரில் ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். அவன் நான்தான். பகலில் பீச் ஸ்த்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. மாலையில் உலகத்துப் பாடகர்களுக்கெல்லாம் நீதிபதி!

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குமாஸ்தாக்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டே வயிறு வளர்த்தவர்கள். அந்த வீட்டில் ஒருவன் தமிழில் எழுதுகிறான், அதுவும் எலெக்ட்ரிக் கிடாரைப் பற்றி எழுதுகிறான் என்றால் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்! "பைத்தியம் பிடிச்சுப் போச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இதழை முதலில் எடுப்பவர் அவர்தான்.

நான் நன்றாக எழுதினேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. குற்றத்தைச் சொல்ல வந்தவன் திறமையை மறைத்து என்ன ஆகப்போகிறது? இங்கிலாந்துக் குழு ஒன்றின் ஆல்பத்தைப் பற்றி, 'டிரம்ஸ் வாசிப்பவருக்கு யார் மேலோ கோபம். இரண்டாம் பக்கம் கேட்கும்போதுதான் அந்த ஆள் நான்தான் என்று தெரிந்தது' என்று எழுதினேன். சிந்தசைசரை மட்டும் நம்பி வந்த இன்னொரு ஆல்பத்தை, 'குளிர்பெட்டி கெட்டுப்போனால் எங்கள் வீட்டிலும் இதே இசை இலவசமாக வரும்' என்றேன். ஜனங்கள் சிரித்தார்கள். அலுவலகத்துக்குக் கீழே இருந்த மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் தேநீர்க் கடையில், நான் தே குடித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த மேசையில் ஒருவன் என் வரியை இன்னொருவனுக்கு வாசித்துக் காட்டுவான். நான் செவியன் என்று அவனுக்குத் தெரியாது. அந்த இன்பம் இருக்கிறதே... கள்ளை விடப் பொல்லாதது!

பாராட்டி எழுதினால் ஒருவரும் பேசுவதில்லை. கிழித்தால்தான் பேசினார்கள். ஆசிரியரும் போனில் சொல்வார்: "திட்டுங்க சார். நீங்க திட்டுற வாரம்தான் பேப்பர் பறக்குது."

லண்டனிலும் நியூயார்க்கிலும் இருப்பவனைத் திட்டுவதில் ஆபத்தில்லை. அவனுக்குத் தமிழும் தெரியாது, பினாங்கும் தெரியாது. ஆனால் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் இருப்பவளைத் திட்டினால்?

அதைத்தான் செய்தேன்.

ஒரு நாள் மதியம் சேகர் என்ற இளைஞன், ஆசிரியரிடம் விசாரித்துக்கொண்டு, என் அலுவலகத்துக்கு வந்தான். மாக் மண்டினில் ஏதோ தொழிற்சாலையில் வேலை. சட்டையில் எண்ணெய்க் கறை போகவில்லை. நான்கு நண்பர்களோடு சேர்ந்து ஒரு ராக் குழு வைத்திருந்தான். சொந்தமாகத் தமிழ்ப் பாட்டெழுதி, சொந்தமாக மெட்டமைத்து, கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு கேசட் வெளியிட்டிருந்தார்கள். 'உப்புக் காற்று' என்று பெயர். அன்று இந்தப் பக்கத்தில் அப்படியொரு முயற்சி புதிது.

"அண்ணே, நம்ம ஆல்பம்ணே. பாடுறது புனிதா. பிறையில பேக்டரி வேலை செய்யுது. நல்லா பாடும்ணே, நீங்க கேட்டுப் பாருங்கலா."

வாங்கி மேசையில் வைத்தேன். அவன் போகவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும்ணே. கோலாலம்பூர்ல ஒரு கம்பெனி அடுத்த கேசட் போட அவளக் கூப்பிடுது. வேலைய விட்டுட்டு கே.எல். போய்த் தங்கணும். அவங்க அப்பா ஒங்க பக்கத்த ஒரு வாரம்கூட படிக்காம விட மாட்டாரு. 'செவியன் நல்லாருக்குன்னு எழுதட்டும், போ'ன்னு சொல்லிட்டாரு. அதான்..."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன் தெரியுமா? சிபாரிசுக்கு வந்துவிட்டானே என்று! என் பேனாவை யாரும் வளைக்க முடியாது என்ற திமிர். "கேட்டுட்டு எழுதுறேன், போங்க தம்பி" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பினேன்.

அவன் சொன்னதை நீங்கள் மறந்துவிடாதீர்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை என் ஒரு பக்கத்தில் தொங்குகிறது என்பது எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

இப்போது அந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துறைமுகத்தில் வேலை பார்ப்பவனுக்குக் கப்பல்காரர்களின் பழக்கம் உண்டு. அவர்கள் கொண்டுவந்து விற்கும் சாமான்களில் கைக்கடிகாரம் இருக்கும், ரேடியோ இருக்கும், சில நேரம் நல்ல பொருளும் இருக்கும். அந்த வாரம்தான் ஒரு மாலுமியிடமிருந்து அமெரிக்காவில் வாங்கிய கேசட் டெக் ஒன்று எனக்குக் கிடைத்தது. இரும்புப் பெட்டி போல் கனம். முகப்பில் பச்சை விளக்கு, இரண்டு ஊசிகள் ஆடும் கண்ணாடி... நம்மூர் மின்சாரம் அதற்கு அதிகம் என்பதால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியும் வாங்கி இணைத்தேன். பழைய டேப்பை அன்றே மைத்துனன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பெரிய விமர்சகன் அல்லவா, பெரிய இயந்திரம் வேண்டாமா!

அதில் நான் முதலில் போட்டுக் கேட்டது 'உப்புக் காற்று'.

மூன்று தடவை கேட்டேன். தாளம் தவழ்ந்தது. கிடார் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அப்புறம் அந்தக் குரல்... கனத்து, தடித்து, வார்த்தைகளை இழுத்து இழுத்து... இது பெண்ணா? அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். 'பாடியவர்: புனிதா' என்றுதான் போட்டிருந்தது.

எழுத உட்கார்ந்தேன். வரி தானாக வந்து விழுந்தது. கெட்ட வரிகள் அப்படித்தான், கேட்காமலே வரும்.

'அட்டையில் பெண்ணின் பெயர் இருக்கிறது. உள்ளே பாடுவதோ, பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்ட லாரி டிரைவர்.'

அதோடு விட்டேனா? தாளத்தின் மந்தத்தைப் பற்றி ஒரு பத்தி. 'மெதுவாகப் போனால் ஆழம் என்று இந்த இளைஞர்கள் எண்ணிவிட்டார்கள்' என்று ஒரு தத்துவம் வேறு!

ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தது. திங்களன்று ஆசிரியர் போனில் சிரித்தார். "லாரி டிரைவர்! சார், என் பொண்டாட்டி சிரிச்சு சிரிச்சுப் புரையேறிப் போச்சு. மாசத்துக்கு ஒண்ணு இந்த மாதிரி குடுங்க சார்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் கேட்கிறது.

அந்த வாரம் புதன்கிழமை மாலை மைத்துனன் பாலன் வந்தான். என் மனைவியின் தம்பி. பிறை மின் நிலையத்தில் எஞ்சினியர். புதிய டெக்கைக் காட்டிப் பெருமையடிக்க வேண்டுமே! அவனுக்குப் பிடித்த பழைய பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடமான பாட்டு.

பாடகன் நோயாளிபோல் முனகினான்.

"என்னத்தான், பாட்டுக்காரனுக்குக் காய்ச்சலா?" என்றான் பாலன். எழுந்து போய் டெக்கைத் திருப்பினான். பின்பக்கத் தகட்டைப் படித்தான். அப்புறம் சிரித்தான் பாருங்கள், சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அத்தான், இது அமெரிக்காக் கரண்டுக்குச் செஞ்ச மெஷின். அங்க கரண்டு செகண்டுக்கு அறுபது தடவை துடிக்கும், இங்க அம்பதுதான். இந்த மோட்டார் அந்தத் துடிப்ப வெச்சித்தான் சுத்தும். நீங்க எத்தன டிரான்ஸ்ஃபார்மர் வெச்சாலும் இங்க மெதுவாத்தான் ஓடும். பொம்பள பாடினாகூட ஆம்பள மாதிரி கேக்கும் போங்க!"

அவனுக்கு ஒன்றும் தெரியாது. வேடிக்கைக்குத்தான் சொன்னான். நான் எழுந்து அலமாரியிலிருந்து 'உப்புக் காற்று' கேசட்டை எடுத்தேன்.

"ஒன் காடில டேப் இருக்குதானே?" என்றேன்.

கெலுகோரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த அவன் காரில் உட்கார்ந்து அந்தக் கேசட்டைப் போட்டேன். தாளம் துள்ளியது. கிடார் பளிச்சென்று வந்தது. பிறகு அவள் பாடினாள்...

என்ன சொல்வேன் உங்களிடம்? எத்தனையோ ஆல்பங்களுக்கு எத்தனையோ உவமை தேடியவன் நான். இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. தெளிவான, உயரமான, கொஞ்சமும் பயமில்லாத ஒரு பெண் குரல். அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

பாலன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "யாரத்தான் இது? நல்லா பாடுதே!"

"யாரோ..." என்றேன்.

அடுத்த இதழுக்கு எழுத இரண்டு நாள் இருந்தது. திருத்தம் எழுதத் தாளை எடுத்தேன். 'சென்ற வாரம் நான்' என்று தொடங்கினேன். அதற்கு மேல் என்ன எழுதுவது? என் இயந்திரம் மெதுவாக ஓடியது என்றா? இயந்திரம் ஓடியது சரி, செவியனின் செவி எங்கே போயிருந்தது என்று கேட்பார்களே! ஒரு குழு முழுவதுமே, டிரம்ஸ், கிடார், குரல் எல்லாமே தாழ்ந்து ஒலிக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. நான் அதற்குத் தத்துவம் எழுதினேன்! பினாங்கு முழுதும் சிரிக்கும். மாமாக் கடையில் அடுத்த மேசைக்காரன் இனிச் செவியனை நினைத்துச் சிரிப்பான்.

தாளைக் கசக்கி எறிந்தேன். அமெரிக்க ராக் குழு ஒன்றின் புது ஆல்பத்தை எடுத்துக் கிழிகிழியென்று கிழித்தேன். அந்த வாரமும் பேப்பர் பறந்தது.

சேகர் மறுபடி வந்தான். அலுவலகத்துக்குள் வரவில்லை, வாசலில் காத்திருந்தான். கீழே மாமாக் கடைக்குக் கூட்டிப்போனேன். தே வந்தது, அவன் தொடவில்லை.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க எங்க கேசட்டத்தானே கேட்டீங்க?"

"மூணு தடவை கேட்டேன்" என்றேன். அது உண்மைதான் என்பதைக் கவனியுங்கள்! பொய் சொல்லாமலே பொய் சொல்லத் தெரிந்தவன் நான்.

"பேக்டரில எல்லாரும் அவள லாரின்னு கூப்புடுறாங்கண்ணே. அவங்க அப்பா பேப்பர மடிச்சு அவ முன்னால வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டாரு."

நான் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

"அதகூட விடுங்கலா. இப்ப அவளே கேசட்டப் போட்டுக் கேட்டா, ஆம்பளக் குரலாத்தான் கேக்குதாம். எங்களுக்கெல்லாம் நல்லாத்தாண்ணே கேக்குது. அவளுக்கு மட்டும் அப்படிக் கேக்குதாம்."

இதைக் கேட்டீர்களா? என் வீட்டில் இயந்திரம்தான் மெதுவாக ஓடியது. அவள் வீட்டில் சரியான இயந்திரத்திலும் என் வரி ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொல்லிச்சுண்ணே. பயிற்சி எடுத்தா சரியாகுமான்னு. நீங்க ஆகும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அது கே.எல். போயிடும். அப்பாவும் விட்டுருவாரு."

ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை! இயந்திரத்தைப் பற்றிக்கூட நான் சொல்ல வேண்டியதில்லை. 'ஆகும் தம்பி, போகச் சொல்லு' என்றால் என் மானமும் பிழைத்திருக்கும், அவளும் பிழைத்திருப்பாள். ஏன் சொல்லவில்லை? இத்தனை வருடமாக என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். அவள் கே.எல். போய்ப் பாடினால், நாலு பேர் கேட்டால், செவியன் இந்தக் குரலையா அப்படி எழுதினான் என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயமா? ஆம். அந்தப் பயம்தான். வேறு அழகான பெயர் எதையும் அதற்கு வைக்க எனக்கு வாயில்லை.

"இல்ல தம்பி" என்றேன். "குரல் பிறவியில வர்றது."

அவன் தலையாட்டினான். எழுந்து, என் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான்.

அவள் கே.எல். போகவில்லை. குழு கலைந்துவிட்டதென்று பிறகு கேள்விப்பட்டேன். டெக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. வார இதழ் நின்றுபோன பிறகும் 'செவியன்' நிலைத்தான்; அது நான்தான் என்று ஊருக்கும் தெரிந்துவிட்டது. கல்யாண மண்டபத்திலும் கோயில் விழாவிலும் எனக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது. அந்தக் கேசட்டை எறியவும் இல்லை, போட்டுக் கேட்கவும் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில், கேசட் போய் சி.டி. வந்துவிட்ட காலத்தில், கெலுகோரில் ஒரு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி வைத்தார்கள். நடுவர்... வேறு யார்?

பரிசு கொடுத்து முடிந்து, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி பதின்வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், என்னை ஒங்களுக்குத் தெரியாது. நான் புனிதா. முன்னாடி ஒரு கேசட் வந்துச்சு, 'உப்புக் காற்று'ன்னு..."

தெரியாதா! பேசியபோதே அந்தக் குரல் எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் இருந்த, மிஞ்சிப்போன பரிசுக் கோப்பையைக் கீழே வைத்தேன். இதோ, வந்துவிட்டாள், கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றும் அந்த நொடியில் முடிவு செய்தேன். இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

"ஒங்களுக்கு நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிருக்கேன் சார்" என்றார்.

நன்றி!

"எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லி ஏமாத்துனாங்க. நீங்க ஒருத்தர்தான் உண்மையச் சொன்னீங்க. இல்லாட்டி வேலையையும் விட்டுட்டு கே.எல். போயி அசிங்கப்பட்டிருப்பேன்."

அடி விழுந்திருந்தால் தாங்கியிருப்பேன். காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டிருப்பேன். நன்றிக்கு என்ன செய்வது?

"இது என் மக. பாடணும்னு உசிர விடுது. போட்டிக்குப் பேரு குடுக்க நான் விடல சார். எனக்குத்தான் காது சரியில்லயே, எனக்கு எது நல்லாருக்கும்னே தெரியாது. நீங்க மொதல்ல கேட்டுச் சொல்லுங்க. நீங்க வேணாம்னா இன்னையோட விட்டுருவோம்."

மகள் குறுக்கிட்டாள். "அம்மா பாடவே மாட்டாங்க அங்கிள். எங்க பொறந்த நாளுக்குக்கூட கைதான் தட்டுவாங்க, வாயத் தொறக்க மாட்டாங்க."

"சரி, பாடும்மா" என்றேன்.

பாடினாள். நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். பாலனின் காரில் உட்கார்ந்து நான் கேட்ட அதே குரல். அதே உயரம், அதே தெளிவு, அதே பயமின்மை. ஒரு இழைகூட மாறவில்லை. பாடி முடித்ததும் அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார்.

"நல்லா பாடுது. ரொம்ப நல்லா பாடுது. யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதீங்க" என்றேன்.

புனிதா முகத்தில் வெளிச்சம் வந்தது. உடனே ஒரு பயமும் வந்தது. மகளுக்குக் கேட்கக்கூடாதென்று கிட்டே வந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"என் மாதிரி இல்லல்ல சார்?"

சொல்லியிருக்க வேண்டும். 'உங்கள் மாதிரியேதான் அம்மா, உங்கள் குரலேதான்' என்று அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. அப்படிச் சொன்னால் மகளை அந்தக் கணமே கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று நினைத்தேன். செவியன் ஒரு தடவை தவறினான் என்று தெரிந்தால், இப்போது சொன்னதையும் நம்பமாட்டாரே என்றும் நினைத்தேன்... இதெல்லாம் காரணமா, சாக்கா? பிள்ளைக்காகத்தான் மறைத்தேனா, எனக்காகவா? அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. மாமாக் கடையில் எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. இங்கே அதுகூட இல்லை.

"இல்லம்மா" என்றேன். "உங்க மாதிரி இல்ல."

"அப்பாடா!" என்றார் அவர். மகளின் தலையைத் தடவினார். "பாத்தியா, சாரே சொல்லிட்டாரு."

இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். சந்தோஷத்தில் அந்தப் பிள்ளை பாடிக்கொண்டே போனாள். புனிதா பக்கத்தில் கைதட்டிக்கொண்டே போனார்.